சமையல் மேடைக்குக் குவார்ட்சைட் கல்: தேர்வும் பராமரிப்பும், வெட்டும்போது எழும் தூசும்

பங்காருபேட்டை: சமையல் மேடைக்குக் கல் வாங்குவது ஒரு தலைமுறைக்கு முன்பு வரை எளிய காரியமாக இருந்தது. கடப்பா கல் போதுமா, கிரானைட் போடலாமா என்ற ஒரே கேள்விக்கு விடை கண்டால் போதும். இன்று கல் கடைக்குள் நுழைபவரின் முன் குவார்ட்ஸ், குவார்ட்சைட், மார்பிள், டோலமைட் எனப் பல பெயர்கள் நிற்கின்றன. அவற்றுள் முதல் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. விலையிலும், உழைப்பதிலும், வீட்டுக்கு வந்தபின் கேட்கும் கவனிப்பிலும் அவை முற்றிலும் வேறானவை.

கோலார் தங்கவயல் பகுதி மக்களுக்கு இந்தக் கல்லின் அடிப்படைப் பொருள் புதிதல்ல. பங்காருபேட்டை சந்திப்பிலிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் கிளை ரயில் பாதை, ஆசியாவின் மிக ஆழமான சுரங்கங்களில் சிலவற்றின் வாயிலுக்கே தொழிலாளர்களைக் கொண்டு சேர்த்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தொடங்கிய அகழ்வு, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை ஏறத்தாழ 120 ஆண்டுகள் நீடித்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் துளைத்தெடுத்த தங்கம், வெண்ணிறக் குவார்ட்ஸ் நரம்புகளுக்குள்தான் பொதிந்திருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்று அழைக்கப்படும் அதே வெண்கல்தான் குவார்ட்ஸ். அதன் வேதிப்பெயர் சிலிக்கன் டை ஆக்சைடு, சுருக்கமாகச் சிலிக்கா.

சமையல் மேடையில் பளபளக்கும் குவார்ட்சைட்டின் பெரும்பகுதியும் அதே சிலிக்காதான். அந்தக் கல்லின் உறுதிக்கு அதுவே காரணம். அதை வெட்டும் தொழிலாளியின் நுரையீரலுக்கு நேரும் ஆபத்துக்கும் அதுவே காரணம்.

மணலிலிருந்து பிறந்த கல்

பழங்காலக் கடற்கரைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் படிந்த மணல், காலப்போக்கில் இறுகி மணற்கல்லாகிறது. அந்த மணற்கல் பூமிக்குள் புதைந்து கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகும்போது, மணித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருமாறிய பாறையாகின்றன. அதுவே குவார்ட்சைட். மணற்கல்லை உடைத்தால் உடைப்பு துகள்களைச் சுற்றிச் செல்லும்; கையில் மணல் உதிரும். குவார்ட்சைட்டை உடைத்தால் உடைப்பு துகள்களையே பிளந்துகொண்டு செல்லும். அந்த அளவுக்குப் பிணைப்பு வலுவானது.

இந்தப் பாறையை நேரில் பார்க்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்கள் நகரி குவார்ட்சைட் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அதற்கு அடியில் மிகப் பழைமையான கிரானைட் பாறை கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் விடுபட்டுப் போன அந்த எல்லைக்கோட்டை நாட்டின் புவியியல் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்துள்ளது. பெண்ணாறு குடைந்து சென்ற கண்டிகோட்டைப் பள்ளத்தாக்கின் சுவர்களும் இதே கடப்பா படுகையைச் சேர்ந்த குவார்ட்சைட்தான். தமிழ்நாட்டு அடுக்களைகளில் பல பத்தாண்டுகள் ஆட்சி செலுத்திய கருநிறக் கடப்பா கல்லும் அதே படுகையிலிருந்துதான் வந்தது. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. ஒரே படுகையில் பிறந்த இரண்டும் எலுமிச்சைச் சாறு பட்டவுடன் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

வீட்டு மேடைக்கு விற்கப்படும் உயர்விலைக் குவார்ட்சைட் பலகைகளில் கணிசமானவை பிரேசிலிலிருந்து இறக்குமதியாகின்றன. அவற்றுள் மிகவும் கேட்கப்படும் ஒன்றுக்கு வணிகர்கள் சூட்டியுள்ள பெயர் தாஜ்மகால். ஆக்ராவில் உள்ள தாஜ்மகாலோ ராஜஸ்தானின் மக்ரானா சலவைக்கல்லால் கட்டப்பட்டது. பெயருக்கும் கல்லுக்கும் இந்தத் துறையில் உள்ள தொடர்பு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

கடைகளில் வெறுமனே குவார்ட்ஸ் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இயற்கைக் கல் அல்ல. நொறுக்கப்பட்ட குவார்ட்ஸ் துகள்களைப் பாலியஸ்டர் பிசின், நிறமிகளுடன் கலந்து ஆலையில் அழுத்தி வார்க்கப்படும் செயற்கைப் பலகை அது. அதன் எடையில் சுமார் 90 சதவீதமோ அதற்கு மேலோ குவார்ட்ஸ், மீதி பிசின். நீரை உறிஞ்சாது, சீலர் பூச வேண்டியதில்லை என்பவை அதன் நிறைகள். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரடியாக வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழலாம். வெயில் படும் இடத்தில் நாளடைவில் மஞ்சளாகலாம் என்பவை குறைகள்.

குவார்ட்சைட் என்பது சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, அறுத்து மெருகேற்றப்பட்ட இயற்கைப் பாறை. வெயில் அதன் நிறத்தை எளிதில் மாற்றாது. ஆனால் வகைக்கேற்ப நீரையும் எண்ணெயையும் ஓரளவு உறிஞ்சும்.

இந்த இரண்டைவிட வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது குழப்பம். பார்வைக்குக் குவார்ட்சைட் போலவே இருக்கும் டோலமைட் சலவைக்கற்கள் சில, குவார்ட்சைட் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. சூப்பர் ஒயிட் என்ற பெயரில் வரும் சாம்பல் கலந்த வெண்ணிறக் கல் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். சந்தேகம் எழுப்பும் வாடிக்கையாளரிடம், இது மென்மையான வகைக் குவார்ட்சைட் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். புவியியலில் அப்படி ஒரு வகை கிடையாது. மென்மையாகவும், புளிப்புக்கு மங்குவதாகவும் இருந்தால் அது குவார்ட்சைட்டே அல்ல.

விற்பவர் எல்லோரும் தெரிந்தே இதைச் செய்கிறார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. சுரங்கத்திலிருந்து இறக்குமதியாளர், மொத்த வியாபாரி எனக் கைமாறி வரும்போது கல்லின் பெயரும் மாறிக்கொண்டே வருகிறது. ஆகவே சோதித்துப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவரிடமே வந்து சேர்கிறது.

ஒரு வெட்டுத்துண்டும் ஒரு கண்ணாடிப் புட்டியும்

பங்காருபேட்டை, தங்கவயல் பகுதிகளிலிருந்து பெங்களூரை அடுத்த ஜிகணிக்கோ, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமோ கல் வாங்கச் செல்பவர்கள், தேர்ந்தெடுக்க விரும்பும் ஸ்லாபிலிருந்து ஒரு வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான கூடங்களில் இத்தகைய துண்டுகள் கழிவாகவே கிடக்கும். வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய மூன்று சோதனைகளுக்கு அது போதும்.

முதலாவது கடினத்தன்மை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் மதிப்பு 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. சலவைக்கல்லில் உள்ள கால்சைட் 3, டோலமைட் 3.5 முதல் 4 வரை. எனவே கல் துண்டின் மெருகேற்றாத கூர்முனையை ஒரு பழைய கண்ணாடிப் புட்டியின் மீது அழுத்தி இழுத்தால், உண்மையான குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறிவிடும். சலவைக்கல் கீறாது, தானே தேய்ந்து ஒரு வெண்பொடிக் கோட்டை மட்டும் விட்டுச் செல்லும். கோட்டை விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தபின் மறைந்தால் அது கல்லின் பொடி. மறையாவிட்டால் அது கண்ணாடியில் விழுந்த கீறல். கிரானைட்டும் செயற்கைக் குவார்ட்ஸும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இது சலவைக்கல்லை அடையாளம் காட்டுவதற்கான சோதனை மட்டுமே.

இரண்டாவது புளிப்பு. எலுமிச்சைச் சாற்றில் சில துளிகளைக் கல்லின் மீது விட்டு அரை மணி நேரம் கழித்துத் துடைத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். துளி இருந்த இடம் மங்கித் தெரிந்தால் அந்தக் கல்லில் கால்சைட்டோ டோலமைட்டோ இருக்கிறது. புளிக்குழம்பும் ரசமும் அன்றாடம் கொதிக்கும் தென்னிந்திய அடுக்களைக்கு இந்தச் சோதனை மற்ற இரண்டையும் விட முக்கியமானது.

இங்கு ஒரு விளக்கம் தேவை. அமிலம் ஏற்படுத்தும் மங்கல் என்பது கறை அல்ல. கல்லின் மேற்பரப்பே அரிக்கப்படுவது. சாயம் ஏதும் இல்லாத திரவமும் அதைச் செய்யும். பங்காருபேட்டையின் பெயரைப் பெங்களூர் வரை பரப்பிய நிறமற்ற பானிபூரி நீரைப் போன்றதொரு தெளிந்த நீரில் எலுமிச்சை பிழியப்பட்டிருந்து, அது சலவைக்கல் மேடையில் சிந்தினால், கண்ணுக்குத் தெரியாமல் வந்து தழும்பை விட்டுச் செல்லும். எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் அது போகாது. மீண்டும் மெருகேற்றினால்தான் உண்டு.

மூன்றாவது உறிஞ்சும் தன்மை. சீலர் பூசாத பகுதியில் ஒரு துளி நீரையும் ஒரு துளி சமையல் எண்ணெயையும் விட்டு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இடம் உடனே கருத்தால் அந்தக் கல் அதிகம் உறிஞ்சும் வகை. ஆலையிலேயே ஸ்லாபின் மேற்பரப்பில் பிசின் பூசி மெருகேற்றுவது வழக்கம் என்பதால், மேல்பக்கம் மட்டும் பார்த்தால் முடிவு தவறக்கூடும். புளிப்புச் சோதனையையும் நீர்ச் சோதனையையும் அறுத்த ஓரத்திலும் ஒருமுறை செய்து பார்ப்பது பாதுகாப்பானது.

சோதனையில் தேறிய பின்னரும், பதிக்கப்போகும் அதே ஸ்லாபை நேரில் பார்த்து அடையாளமிட்டுவிட்டு வருவது நல்லது. இயற்கைக் கல்லில் ஒரு பலகை மற்றொன்றைப் போல் இருக்காது. இரும்புச்சத்து கலந்த பொன்னிற நரம்புகள், குரோமியத்தால் வரும் பச்சை, சாம்பல் அலைகள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நரம்பின் மேல் விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தால் நகம் தடுக்கும் இடத்தில் திறந்த பிளவு இருக்கலாம். சிங்க், அடுப்புக்கான துளைகள் அந்த இடத்தில் வராதபடி அளவு எடுக்க வேண்டும். துளைக்கும் மேடையின் விளிம்புக்கும் இடையே எஞ்சும் குறுகிய பட்டைதான் முழு மேடையிலும் மிகப் பலவீனமான பகுதி.

எடையும் கணக்கில் வர வேண்டும். குவார்ட்சைட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம். அதன்படி 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையிருக்கும். 3 சென்டிமீட்டர் என்றால் 7 கிலோவுக்கு மேல். பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேடைக்கு மெல்லிய பலகையே சுமார் 100 கிலோ வரும். செங்கல் சுவர் தாங்கும் மேடைக்கு இது பொருட்டல்ல. மரப்பலகை அலமாரிகளின் மீது அமைக்கும் மாடுலர் கிச்சன் என்றால் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிர்நிறக் கல்லைச் சாதாரணச் சாம்பல் நிற சிமெண்டில் பதித்தால் ஈரமும் நிறமும் மேலே ஊறித் தெரியக்கூடும். வெள்ளை சிமெண்ட் அடிப்படையிலான ஒட்டுப்பசையே ஏற்றது.

இத்தனைக்குப் பிறகும், குவார்ட்சைட் எல்லா வீட்டுக்கும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. இறக்குமதிச் செலவும், வைர முனைக் கருவிகளையே விரைவில் தேய்த்துவிடும் கடினத்தன்மையும் சேர்ந்து அதன் விலையைக் கிரானைட்டுக்கு மேல் வைத்திருக்கின்றன. வெண்ணிற நரம்போடிய சலவைக்கல்லின் அழகும் வேண்டும், அது புளிக்கு மங்கவும் கூடாது என்பவர்களுக்கு அந்த விலை பொருந்தும். உழைப்பு மட்டுமே போதும் என்பவர்களுக்குச் சாமராஜநகர் கருப்பு கிரானைட்டோ, கிருஷ்ணகிரி வட்டாரக் கிரானைட்டோ எந்த வகையிலும் குறைந்ததல்ல.

வெட்டும்போது எழும் வெண்புகை

கல்லைப் பற்றிய விளம்பரங்கள் எதிலும் இடம்பெறாத ஒரு செய்தி, தங்கவயலின் வரலாற்றில் நிறைந்திருக்கிறது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலாக 1947இல் கோலார் தங்கச் சுரங்கங்களில்தான் பதிவானது என்று சமூக மருத்துவப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து, அங்கு தழும்புகளை உண்டாக்கி, படிப்படியாக மூச்சை அடைக்கும் நோய் அது. ஒருமுறை ஏற்பட்ட தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தூசுக்கு வெளியே வந்த பின்னரும் நோய் முற்றக்கூடும். காசநோய் தாக்கும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. படிகச் சிலிக்காத் தூசு மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் வகைப்படுத்தியது.

சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதே தூசு இப்போது வேறு வடிவில் வீட்டு வாசலுக்கு வருகிறது. கல் பதிக்கும் நாளில் சிங்க் துளைக்காகவோ, மூலை சரியாகப் பொருந்தாததற்காகவோ, தொழிலாளி கையிலுள்ள கிரைண்டரால் உலர்வாகவே கல்லை வெட்டும் காட்சி ஊருக்கு ஊர் பழக்கமானது. வீடு முழுவதும் வெண்புகை எழும். வெட்டுபவரின் முகத்தில் அதிகபட்சம் ஒரு கைக்குட்டை கட்டப்பட்டிருக்கும்.

சலவைக்கல்லில் படிகச் சிலிக்கா பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு. கிரானைட்டில் சுமார் 30 சதவீதம் வரையிலோ சில வகைகளில் அதற்கு மேலோ இருக்கலாம். குவார்ட்சைட்டில் 90 சதவீதத்தைத் தாண்டும். அதாவது கடப்பா கல்லையும் சலவைக்கல்லையும் உலர்வாக வெட்டிப் பழகிய கை, அதே பழக்கத்தோடு குவார்ட்சைட்டைத் தொடும்போது பல மடங்கு ஆபத்தான தூசைச் சுவாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெண்பொடியைவிட, அதனோடு கலந்து காற்றில் நெடுநேரம் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்களே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்பவை. கைக்குட்டையின் நெசவு அவற்றைத் தடுப்பதில்லை.

இந்த ஆபத்தை உலகம் அண்மையில் உணர்ந்தது செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளின் வழியாக. அவற்றை வெட்டும் பட்டறைகளில் இளம் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே கடும் சிலிக்கோசிஸுக்கு ஆளானதைத் தொடர்ந்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளின் தயாரிப்பு, விற்பனை, வெட்டுதல், பொருத்துதல் ஆகிய அனைத்தையும் தடை செய்தது. இயற்கைக் கற்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆயினும் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ படிகச் சிலிக்கா உள்ள எந்தப் பொருளை வெட்டும்போதும் தூசுக் கட்டுப்பாடு கட்டாயம் என்ற விதி அதே ஆண்டு செப்டம்பரில் அங்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் வைத்தது. நோயாளிகளுக்கான தனிக் கொள்கையை ராஜஸ்தான் 2019இல் வெளியிட்டது. எனினும் வீடு வீடாகச் சென்று இரண்டு மூன்று பேராகக் கல் பதிக்கும் தொழிலாளி, தொழிற்சாலைக்குரிய எந்தக் கண்காணிப்பின் கீழும் வருவதில்லை. அவருடைய வேலையிடம் வாடிக்கையாளரின் வீடுதான்.

எனவே வீட்டு உரிமையாளரின் கையில் இருப்பது சிறிதல்ல. மேடையின் அளவையும், வாங்கிய சிங்க், அடுப்பு ஆகியவற்றின் அளவையும் முன்கூட்டியே கொடுத்தால், துளைகள் அனைத்தையும் தண்ணீர் பாயும் இயந்திரத்தில் கூடத்திலேயே வெட்டித் தரச் சொல்லலாம். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் கொடுப்பதே முறை. பின்னர் வீட்டில் எஞ்சுவது சிறு திருத்தங்கள் மட்டுமே. அவற்றையும் அறைக்குள் அல்லாமல் திறந்த வெளியில், தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். ஆனால் சாதாரண மின் கிரைண்டரின் மீது குவளையால் தண்ணீர் ஊற்றுவது மின் அதிர்ச்சிக்கு வழிவகுக்கும். தண்ணீர் இணைப்புக்கென வடிவமைக்கப்பட்ட கருவியும், மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் உள்ள மின் இணைப்பும் தேவை. முகத்தில் பொருந்தி அமரும் என்95 வகை முகக்கவசத்தை வாடிக்கையாளரே வாங்கித் தருவது பெரிய செலவல்ல. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்குவதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் படிந்த தூசை மீண்டும் காற்றில் கிளப்பும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. முதியவர்களும் குழந்தைகளும் அதுவரை வேறிடத்தில் இருப்பது நல்லது.

பதித்து முடித்த கல்லிலிருந்து தூசு வெளிவருவதில்லை. அன்றாடப் பயன்பாட்டில், துடைப்பதில், அதன் மீது காய்கறி நறுக்குவதில் குடும்பத்தினருக்கு இந்த நோய் குறித்த அச்சம் தேவையில்லை. வெட்டும்போதும், உலர்வாகத் தேய்த்து மெருகேற்றும்போதும் மட்டுமே அந்த ஆபத்து இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் மெருகேற்ற ஆள் அழைக்கும்போதும் இதே விதிகள் பொருந்தும்.

அன்றாடக் கவனிப்பு

பதித்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை சீலர் பூசுவது. மேலே படலமாகப் படியும் வார்னிஷ் போன்றதல்ல இது. கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி நீரும் எண்ணெயும் உட்புகுவதைத் தாமதப்படுத்தும் திரவம். கல் நன்கு கழுவப்பட்டு, குறைந்தது ஒரு நாள் முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். பூசியபின் புட்டியில் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, மிகுந்திருப்பதை முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் மேடை முழுவதும் மேகம் படர்ந்ததுபோல் ஒரு மங்கல் தங்கிவிடும். சீலர் கறையைத் தடுத்து நிறுத்துவதில்லை. துடைப்பதற்கு நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. மறுபடி எப்போது பூசுவது என்பதற்கு நாட்காட்டி தேவையில்லை. மேடையில் விட்ட நீர்த்துளி மணியாக நிற்காமல் சில நிமிடங்களில் கல்லைக் கருக்கச் செய்தால் பூசும் காலம் வந்துவிட்டது. அடர்த்தியான கல்லுக்குச் சில ஆண்டுகள் ஆகலாம். உறிஞ்சும் வகைக்கு ஓராண்டே போதாமல் போகலாம்.

தினசரிச் சுத்தத்துக்குப் பாத்திரம் கழுவும் மென்மையான திரவச் சோப்பில் சில துளிகளை நீரில் கலந்து துணியால் துடைத்து, பின்னர் வெறும் நீரால் துடைத்து உலர்த்தினால் போதும். சோப்பை எடுக்காமல் விட்டால் அதுவே படலமாகி, கல் பளபளப்பை இழந்துவிட்டது என்ற ஐயத்தைக் கிளப்பும். இரும்புக் கம்பிச் சுருளைப் பயன்படுத்தக் கூடாது. குவார்ட்சைட்டை அது கீறாது என்றாலும், ஒடிந்து தங்கும் இழைகள் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகும். ஈரமான தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் இரவு முழுவதும் மேடையில் விடுவதும் அதே விளைவைத் தரும்.

துருவைப் போக்குவதற்கென விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அதன் உப்புகளோ கலந்திருக்கும். எலுமிச்சைக்கும் வினிகருக்கும் அசையாத குவார்ட்ஸைக் கரைக்கக்கூடிய அமிலம் அதுதான். கல்லைவிடத் தோலுக்கு அது மிக அபாயமானது. வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை.

மஞ்சள் கறையைக் கண்டு பதற வேண்டியதில்லை. மஞ்சளின் நிறமிக்கு ஒளியைத் தாங்கும் ஆற்றல் குறைவு. வெயில் விழும் இடமாக இருந்தால் சில நாட்களில் தானே வெளுக்கும். இல்லையெனில் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை நனைத்த பஞ்சை வைத்து மூடி, சில மணி நேரம் கழித்து எடுக்கலாம். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பசையாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டு, பின்னர் திறந்து உலரவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். உலரும் பசை உள்ளே இறங்கிய எண்ணெயை மேலே இழுக்கும். ஒரே முறையில் போகாவிட்டால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பூஜை அறையில் வெளிர்நிறக் குவார்ட்சைட் போடுவோர் இந்த முறையை நன்கு அறிந்து வைத்திருப்பது நல்லது. நாள்தோறும் விளக்கிலிருந்து கசியும் நல்லெண்ணெய், சமையலறையின் எல்லாச் சிந்தல்களையும்விட மெதுவாகவும் ஆழமாகவும் இறங்கும். விளக்குக்கும் கற்பூரத்துக்கும் அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்துவிட்டால் அந்த வேலையே இல்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை குவார்ட்சைட் செயற்கைக் கல்லைவிடத் தாங்கும். ஆனாலும் குளிர்ந்த கல்லின் ஒரே இடத்தில் கொதிக்கும் பாத்திரத்தை வைத்தால் அந்த இடம் மட்டும் விரிந்து, நரம்போரங்களில் விரிசல் விடலாம். ஆலையில் நிரப்பிய பிசினும் நிறம் மாறலாம். ஒரு பிரிமணை போதும். தேங்காய் உடைப்பதற்கும் இஞ்சி நசுக்குவதற்கும் மேடையின் விளிம்பைப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கீறலைத் தாங்கும் கல் எல்லாம் அடியைத் தாங்கும் என்பதில்லை.

கோலார் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இம்மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரே பல வீடுகளுக்கு ஆதாரம். அந்த நீரில் கரைந்துள்ள உப்புகள், குழாயின் அடியிலும் சிங்கைச் சுற்றியும் வெண்படலமாகப் படியும். கல்லே வெளுத்துவிட்டதாகப் பலர் நினைப்பது இதைத்தான். இரவில் வேலை முடித்ததும் அந்த இடத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்பதே மிக எளிய தடுப்பு. படிந்துவிட்டால், சம அளவு நீர் கலந்த வினிகரைச் சில நிமிடங்கள் வைத்துத் துடைத்துக் கழுவலாம். இது புளிப்புச் சோதனையில் தேறிய கல்லுக்கு மட்டுமே பொருந்தும். டோலமைட் கல்லில் இதைச் செய்தால் படலத்தோடு பளபளப்பும் போய்விடும்.

தரைக்கும் குளியலறைக்கும் இதே கல்லை விரும்புவோர், கண்ணாடி போன்ற மெருகைத் தவிர்த்துச் சொரசொரப்பான முடிப்பைக் கேட்பது நல்லது. ஈரத்தில் மெருகேற்றிய எந்தக் கல்லும் வழுக்கும்.

பணம் செலுத்தும்போது ரசீதில் வணிகப் பெயரோடு இயற்கைக் குவார்ட்சைட் என்ற சொல்லையும், தடிமனையும், ஸ்லாபின் எண்ணையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். சோதனைக்கு வாங்கிய வெட்டுத்துண்டை எறிந்துவிடாமல் சிங்குக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கடையில் புதிதாக வாங்கிவரும் எந்தச் சுத்தப்படுத்தும் திரவத்தையும், மேடையில் ஊற்றும் முன்பு அந்தத் துண்டில் ஒரு துளி விட்டு மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.